காருக்குள் வரும் காற்று: ஆஸ்துமா, ஒவ்வாமை உடையோர் அறிய வேண்டியவை

முன்னுரை

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தரித்திருக்கலாம். காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட இருத்தல் இயலாது. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கின்றார். ஒரு நாள் முழுவதையும் கணக்கிட்டால் அது பத்தாயிரம் லிட்டர் அளவை எட்டிவிடுகின்றது. சோற்றில் கல் இருந்தால் பொறுக்கி எறிகின்றோம். நீரில் கசடு இருந்தால் துணியிட்டு வடிக்கின்றோம். ஆனால் இத்துணை லிட்டர் காற்றையும் எந்த ஆய்வுமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். நலமுடையோருக்கு இது பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆஸ்துமாவால் துன்புறுவோருக்கோ மூச்சுக்காற்றின் தன்மைதான் அன்றைய நாள் எவ்வாறு கழியும் என்பதைத் தீர்மானிக்கின்றது.

முன்பு செல்வர் சிலரிடம் மட்டுமே இருந்த கார் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் காணப்படுகின்றது. வாடகைக் காரில் பயணம் செய்வோரும் மிகப் பலர். முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், பிள்ளைகளோடு வெளியூர்த் திருமணத்திற்குச் செல்வதற்கும் காரையே நாடுகின்றோம். 'கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டால் தூசியும் புகையும் நம்மை அணுகா' என்பது பலருடைய நம்பிக்கை. இந்நம்பிக்கை எந்த அளவிற்கு உண்மை? காரினுள் வரும் காற்று எவ்வழியாக வருகின்றது? அதனை வடிகட்டும் கருவி எதனைத் தடுக்கும், எதனைத் தடுக்காது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் தூண்டிகளும்

ஆஸ்துமாவை நம் மக்கள் ஈளை, இரைப்பு, இழுப்பு எனப் பல பெயர்களால் வழங்கி வருகின்றனர். இரைப்பு என்பது மூச்சு விடும்போது எழும் ஓசையையும், இழுப்பு என்பது காற்றை உள்ளே இழுக்க நோயாளி படும் பாட்டையும் சுட்டுகின்றன. நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சிறு குழாய்களின் உட்சுவர் நாட்பட்ட அழற்சியால் வீங்கியிருப்பதே இந்நோயின் அடிப்படை. அந்நிலையில் ஏதேனும் ஒரு தூண்டி உட்புகுந்தால் குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. சளி சுரந்து வழியை மேலும் குறுக்குகின்றது. 2019ஆம் ஆண்டில் உலகில் 26 கோடியே 20 இலட்சம் பேர் ஆஸ்துமாவால் பாதிக்கப்பட்டிருந்தனர் என்றும், அவ்வாண்டில் 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் உயிரிழந்தனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

காற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே உணர்ந்திருந்தனர். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவ மேதை அர்ராஸீ, இளவேனிற் காலத்தில் ரோஜாவின் மணம் பட்டவுடன் அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு மூக்கொழுக்கு ஏற்பட்டதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூசா இப்னு மைமூன், ஆஸ்துமாவால் வருந்திய ஓர் இளவரசருக்காக அரபு மொழியில் நூலொன்று இயற்றினார். நகரத்துக் காற்றின் கலங்கிய தன்மையைப் பாலைவெளியின் காற்றோடு அதில் ஒப்பிட்டுள்ளார். 1819இல் இலண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், கோடைதோறும் தம்மை வருத்திய சளித் தொல்லையைப் பற்றி மருத்துவச் சங்கத்தில் எடுத்துரைத்தார். அத்தொல்லைக்கு மகரந்தமே காரணம் என்பதை மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி 1873இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி உயரப் பறக்கவிட்டு, வானில் மிதக்கும் மகரந்தத்தை அவர் சேகரித்தமை குறிப்பிடத்தக்கது. 'அலர்ஜி' என்னும் சொல்லை வியன்னாவின் கிளெமென்ஸ் பான் பிர்க்கே 1906இல் உருவாக்கினார். நாம் அதனை 'ஒவ்வாமை' என்கின்றோம்.

சாலையில் செல்வோரை எதிர்கொள்ளும் தூண்டிகள் பல. தென் மாவட்டச் சாலையோரங்களில் அடர்ந்துள்ள சீமைக் கருவேலத்தின் மகரந்தம், தரிசு நிலங்களில் மண்டியுள்ள பார்த்தீனியத்தின் மகரந்தம், மண்தூசி, எரிக்கப்படும் குப்பையின் புகை, லாரிகளும் பேருந்துகளும் கக்கும் டீசல் புகை ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

டீசல் புகையின் தீமையை விளக்க ஓர் ஆய்வைச் சுட்டலாம். டீசலில் ஓடும் பேருந்துகளும் வாடகைக் கார்களும் மிகுந்திருந்த இலண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில், ஆஸ்துமா உடைய 60 பேரை இரண்டு மணி நேரம் நடக்கச் செய்தனர். மற்றொரு நாள் அதே மனிதர்களை அருகிலுள்ள ஹைடு பூங்காவில் அதே கால அளவு நடக்கச் செய்தனர். பூங்காவில் நடந்த நாளைக் காட்டிலும் வீதியில் நடந்த நாளில் அவர்களுடைய நுரையீரலின் செயல்திறன் மிகுதியாகக் குறைந்திருந்தது. இவ்வாய்வு 2007இல் வெளியிடப்பெற்றது. நோய் ஒன்றே, ஆளும் ஒருவரே. காற்று மாறியதும் மூச்சும் மாறியது.

துகள்களின் அளவு

வடிகட்டியைப் பற்றி அறியுமுன் துகள்களின் அளவை அறிதல் வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் ஆகும். மனிதனின் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிப்புடையது. மகரந்தத் துகள்களிற் பெரும்பாலானவை 10 முதல் 100 மைக்ரான் வரை அளவுடையவை. பூஞ்சை வித்துகள் பலவும் 2 முதல் 20 மைக்ரான் வரை உள்ளன. டீசல் புகையின் கரித்துகள்களோ பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்கும் சிறியவை.

பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகின்றன. தும்மலும் மூக்கொழுக்கும் கண்ணரிப்பும் அவற்றால் விளைகின்றன. 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்களோ நுரையீரலின் ஆழம் வரை செல்ல வல்லவை. இத்தகைய நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. 2009இல் இந்தியா வகுத்த தரநிலை 40 மைக்ரோகிராம் வரை இசைவளிக்கின்றது.

துகளின் அளவு எத்துணை இன்றியமையாதது என்பதை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் 2016 நவம்பர் 21ஆம் நாள் உணர்ந்தது. அன்று வீசிய இடிமழைப் புயலில் புல்லின் மகரந்தத் துகள்கள் ஈரத்தால் வெடித்து மிக நுண்ணிய சிதறல்களாயின. மூக்கிலேயே தங்கிவிட வேண்டியவை நுரையீரலுக்குள் புகுந்தன. ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளை நாடினர். 10 பேர் உயிரிழந்தனர். அதற்குமுன் மூக்கொழுக்கு மட்டுமே இருந்து, ஆஸ்துமா என்று அறியாதிருந்த பலரும் பாதிக்கப்பட்டோரில் இருந்தனர். முழு மகரந்தத்தைத் தடுக்கும் வடிகட்டி அதன் சிதறலையும் தடுக்கும் எனக் கருதிவிடலாகாது என்பது இதனாற் புலனாகும்.

காற்று வரும் வழி

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பொருத்தப்பட்டுள்ள பகுதியில், சல்லடை போன்ற ஒரு திறப்பைக் காணலாம். வெளிக்காற்று அவ்வழியாகத்தான் உள்ளே வருகின்றது. வடிகட்டி இருப்பின் அதனைக் கடந்து, புளோயர் எனப்படும் விசிறியால் உந்தப்பட்டு, ஏ.சி.யின் குளிர்ச்சுருள் மீது படிந்து குளிர்ந்து, முன்பகுதியிலுள்ள துளைகளின் வழியாக நம் முகத்தை வந்தடைகின்றது.

இங்கு ஓர் உண்மையை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். ஏ.சி. காற்றைக் குளிர்விக்கும், அதன் ஈரத்தைக் குறைக்கும். காற்றைத் தூய்மை செய்வது அதன் பணியன்று. அப்பணி வடிகட்டியினுடையது. வடிகட்டி இல்லாத காரில் ஏ.சி. ஓடினால் குளிர்ந்த தூசிதான் கிடைக்கும். சில மலிவு விலைக் கார்களில் வடிகட்டிக்கென ஓர் இடம் மட்டும் விடப்பட்டிருக்கும், வடிகட்டி பொருத்தப்பட்டிராது. ஆதலின் தம் காரில் வடிகட்டி உள்ளதா என்பதை உரிமையாளர் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இங்கு உண்டு. பணிமனைகளில் 'ஏர் ஃபில்டர்' என்று கூறப்படுவது எஞ்சினுக்குச் செல்லும் காற்றை வடிகட்டுவது. அமர்ந்திருக்கும் மனிதருக்கான வடிகட்டியை 'ஏ.சி. ஃபில்டர்' அல்லது 'கேபின் ஃபில்டர்' என்பர். ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டதாகப் பட்டியலில் கண்டு, நம் மூச்சுக்காற்றுக்கான வடிகட்டிதான் மாற்றப்பட்டது எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். எஞ்சின் நலமாக மூச்சு விடும். உள்ளே இருக்கும் நோயாளி பழைய தூசியிலேயே இருப்பார்.

வடிகட்டியின் வளர்ச்சி

காரினுள் வடிகட்டிய காற்றைச் செலுத்தும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் வெளிக்காற்றை வடிகட்டி வெதுவெதுப்பாக்கி உள்ளே அனுப்பும் அமைப்பை அறிமுகப்படுத்தியது. சுவீடனின் சாப் நிறுவனம் 1978இல் கொணர்ந்த 900 என்னும் காரில் பயணிகளுக்கான காற்று வடிகட்டி இடம்பெற்றது. அதன்பின் ஐரோப்பியக் கார்களில் இது படிப்படியாகப் பரவியது. இத்தகைய வடிகட்டிகளைச் சோதிக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 11155 என்னும் பன்னாட்டுத் தரநிலை வகுத்துள்ளது. அதன் முதற்பகுதி துகள்களையும் இரண்டாம் பகுதி வாயுக்களையும் பற்றியதாகும். 2015இல் டெஸ்லா நிறுவனம் தன் 'மாடல் எக்ஸ்' காரில் மருத்துவமனைகளில் பயன்படும் ஹெப்பா வகையைச் சார்ந்த பெரிய வடிகட்டியைப் பொருத்தியது.

ஹெப்பா என்பது 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் துகள்களைத் தடுப்பதற்காக உருவாக்கப்பெற்ற வடிகட்டி வகையிலிருந்து வளர்ந்தது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுப்பதே அதன் இலக்கணம். சந்தையில் 'ஹெப்பா போன்றது' எனக் கூறி விற்கப்படுவன யாவும் இவ்விலக்கணத்திற்கு உட்பட்டவை அல்ல.

வடிகட்டி செயற்படும் முறை

வடிகட்டி என்றவுடன் மாவு சலிக்கும் சல்லடை நம் நினைவிற்கு வரும். கண்ணைவிடப் பெரிய பொருள் மேலே தங்கும். சிறிய பொருள் கீழே விழும். காற்று வடிகட்டியை முற்றிலும் அவ்வாறு கருதுதல் பொருந்தாது. அது நெருங்கிப் பின்னிக் கிடக்கும் மெல்லிய இழைகளின் காடு. இழைகளுக்கு இடையேயுள்ள இடைவெளி தடுக்கப்படும் துகளினும் பன்மடங்கு பெரியதாக இருக்கும். அவ்வாறாயின் துகள் எவ்வாறு பிடிபடுகின்றது?

முறத்தில் நெல்லைப் புடைக்கும்போது கனமான மணி தன் போக்கில் விழ, இலேசான பதர் காற்றோடு விலகிச் செல்கின்றது. அதுபோலவே காற்று இழையைச் சுற்றி வளைந்து செல்லும்போது, கனமான துகள் வளைய இயலாமல் நேரே சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றது. மகரந்தமும் மண்தூசியும் பெரும்பாலும் இவ்வாறே பிடிபடுகின்றன. சற்றுச் சிறிய துகள் காற்றோடு வளைந்து சென்றாலும், சிலந்தி வலையை உரசிச் செல்லும் பூச்சியைப் போல இழையைத் தொட்டவுடன் சிக்கிக்கொள்கின்றது.

மிக நுண்ணிய துகளின் நிலை வேறு. திருவிழாக் கூட்டத்தில் பலராலும் இடிபட்டு அங்குமிங்கும் தள்ளாடும் சிறுவனைப் போல, அது காற்றின் மூலக்கூறுகளால் இடிபட்டுத் தடுமாறிச் செல்கின்றது. அத்தடுமாற்றத்தால் ஏதேனும் ஓர் இழையில் மோதிவிடுகின்றது. ஆகவே மிகப் பெரியவையும் பிடிபடுகின்றன. மிகச் சிறியவையும் பிடிபடுகின்றன. கனத்தாலும் பிடிபடாமல் தடுமாற்றத்தாலும் பிடிபடாமல் நழுவுவது இடைப்பட்ட 0.3 மைக்ரான் அளவிலான துகளே. ஹெப்பாவின் சோதனைக்கு அவ்வளவு தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணம் இதுவே.

கார் வடிகட்டிகள் பலவற்றில் மற்றொரு நுட்பமும் உண்டு. தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்ப்பது போல, அவற்றின் இழைகளுக்கு மின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். அது நுண்துகள்களைத் தன்பால் ஈர்க்கின்றது. இம்மின்னூட்டம் பின்னர் நாம் பேசவிருக்கும் பராமரிப்போடு நெருங்கிய தொடர்புடையது.

கரி வடிகட்டியும் அதன் எல்லையும்

வாயுக்கள் துகள்கள் அல்ல. அவற்றை இழைகளால் தடுக்க இயலாது. அதற்கெனக் கிளர்வூட்டிய கரி சேர்க்கப்பட்ட வடிகட்டிகள் உள்ளன. தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் தயாரிக்கப்படும் இக்கரியில் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. அத்துளைகளின் சுவர்களில் ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, தீய நாற்றம் தரும் ஆவிகள் ஆகியன கணிசமாகத் தங்கிவிடுகின்றன. பெருநகர நெரிசலில் நாள்தோறும் செல்லும் ஆஸ்துமா நோயாளருக்குச் சாதாரண வடிகட்டியைக் காட்டிலும் கரி சேர்ந்த வடிகட்டியே ஏற்றது. துளைகள் நிரம்பியபின் கரி பயனற்றுப் போகும் என்பதையும் மறத்தலாகாது.

இவ்விடத்தில் எச்சரிக்கையொன்றை அழுத்தமாகக் கூற வேண்டியுள்ளது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்கிற்கும் மேலான வலிமையுடன் இணைந்து உயிரைப் பறிக்கக்கூடியது. இதனைக் கரி வடிகட்டியும் தடுக்காது, ஹெப்பாவும் தடுக்காது. 'நல்ல வடிகட்டி உள்ளது' என்ற துணிவில், எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடி, ஏ.சி.யில் உறங்குவது உயிருக்கே தீங்காக முடியலாம். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவதும் அத்தகையதே. எவ்வளவு அசதியாக இருப்பினும் எஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓய்வெடுப்பதே முறை.

உட்சுழற்சி: நன்மையும் தீமையும்

கார்களில் வளைந்த அம்புக்குறி பொறித்த பொத்தான் ஒன்று உண்டு. அதனை அழுத்தினால் வெளிக்காற்றின் வழி அடைபட்டு, உள்ளிருக்கும் காற்றே மீண்டும் மீண்டும் சுழலும். முன்னே ஒரு பழைய லாரி கரும்புகையைக் கக்கிச் செல்லும்போதும், குப்பை எரியும் இடத்தைக் கடக்கும்போதும், போக்குவரத்து விளக்கருகே வாகனங்கள் நெருங்கி நிற்கும்போதும் இது மிகவும் பயன்படும். வடிகட்டியின் வழியே உட்காற்றும் சுழலும்படி அமைந்த கார்களில் ஒவ்வொரு சுற்றிலும் காற்று மேலும் தூய்மை அடைகின்றது.

ஆயினும் நெடுநேரம் இந்நிலையிலேயே வைத்திருத்தல் தவறு. இதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகின்றார். நால்வர் கால் மணி நேரத்தில் வெளிவிடுவது 18 லிட்டர். காரின் உட்பகுதி 3 கனமீட்டர், அதாவது 3,000 லிட்டர் எனக் கொள்வோம். காற்றுக் கசிவே இல்லையெனில் கால் மணி நேரத்தில் கரியமில வாயு 0.6 விழுக்காடு கூடிவிடும். வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடே. அதாவது பதினைந்து மடங்கு! கார்களில் ஓரளவு கசிவு இருப்பதால் உண்மை அளவு இதனிற் குறையும். எனினும் இறுக்கமும் தலைவலியும் சோர்வும் தோன்றுவதற்கு அது போதும். ஓட்டுநரின் விழிப்பு மங்குவது அனைவருக்கும் ஆபத்து. மூச்சு இறுகுவது போன்ற உணர்வு ஆஸ்துமா நோயாளரின் அச்சத்தையும் வளர்க்கும்.

ஆகவே புகை மிகுந்த இடங்களில் உட்சுழற்சியும், அவ்விடம் கடந்தவுடன் வெளிக்காற்றும் என மாற்றிக்கொள்ளல் வேண்டும். நெரிசல் நீடித்தாலும் 15 நிமிடங்களுக்கு ஒருமுறையேனும் சிறிது நேரம் வெளிக்காற்றை வடிகட்டியின் வழியே வரவிடுதல் நன்று. நல்ல வடிகட்டி இருப்பின் இதனை அச்சமின்றிச் செய்யலாம்.

பராமரிப்பு

வடிகட்டி பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டிலுள்ள பொருள் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் அமைந்திருக்கும். 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டிற்கு ஒருமுறை மாற்றுக எனப் பொதுவாகக் கையேடுகள் கூறும். தூசி மிகுந்த ஊர்களில் ஓடும் காருக்கு இக்கெடு நீண்டது. ஆறு திங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது. விசிறியை மிகுதியாக வைத்தும் காற்று குறைவாக வருதல், புழுக்க நாற்றம், கண்ணாடியில் அடிக்கடி ஆவி படிதல் ஆகியன வடிகட்டி அடைபட்டதன் அறிகுறிகளாகலாம்.

பணிமனைகளில் பழைய வடிகட்டியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதியோ, நீரில் அலசியோ மீண்டும் பொருத்தும் வழக்கம் உள்ளது. சிக்கனம் என்று கருதிச் செய்யப்படும் இது நோயாளருக்கு நன்மை தராது. வேகமான காற்று இழைகளைச் சிதைத்துவிடும். சோப்பு நீர் மின்னூட்டத்தைப் போக்கிவிடும். பார்வைக்கு வெண்மையாகத் தோன்றும் அவ்வடிகட்டி நுண்துகளைப் பிடிக்கும் ஆற்றலை இழந்திருக்கும். கழுவிப் பயன்படுத்தலாம் என உற்பத்தியாளரே குறித்திருந்தாலன்றி மாற்றுவதே முறை. பொருத்தும்போது வடிகட்டியின் ஓரத்திலுள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். ஓரங்களில் இடைவெளி இருத்தலாகாது. காற்று எளிய வழியையே நாடும். சிறு இடைவெளி இருப்பினும் வடிகட்டாத காற்று அவ்வழியே புகுந்துவிடும்.

ஏ.சி.யின் குளிர்ச்சுருளையும் கவனித்தல் வேண்டும். அதன்மேல் நீர் படிவதால் அங்கு எப்போதும் ஈரம் உண்டு. வடிகட்டி இன்றேல் தூசியும் அங்கே ஒட்டிக்கொள்ளும். ஈரமும் தூசியும் இருளும் கூடிய இடத்தில் பூஞ்சை தழைக்கும். இச்சுருள் வடிகட்டிக்கு அப்பால் இருப்பதால் அங்கிருந்து கிளம்பும் வித்துகளை வடிகட்டி தடுக்க இயலாது. ஊர் சேர்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஏ.சி.யை நிறுத்தி, புளோயரை மட்டும் ஓடவிட்டால் சுருள் உலரும். ஏ.சி. நீர் வெளியேறும் குழாய் அடைபடாமலும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பயணம் செய்வோர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. நெடுநேரம் நின்றிருந்த காரில் ஏறியவுடன் கண்ணாடிகளை இறக்கி, சில நிமிடங்கள் புளோயரை ஓடவிட்ட பின்னரே மூடுதல் வேண்டும். தேங்கிய வெப்பமும் ஆவிகளும் வித்துகளும் அதனால் வெளியேறும்.

2. காரினுள் புகைபிடித்தலை அறவே தவிர்த்தல் வேண்டும். புகைத்தவர் இறங்கிய பின்னும் அதன் எச்சம் இருக்கைகளில் தங்கிவிடும்.

3. நறுமணப் புட்டிகள், ஊதுவத்தி, தெளிப்பான்கள் ஆகியவற்றைத் தவிர்த்தல் நலம். மணம் தூய்மையன்று. கடுமையான மணம் பலருக்கு இழுப்பைத் தூண்டுகின்றது.

4. மிதியடிகளிலும் இருக்கை உறைகளிலும் சேரும் தூசியை அடிக்கடி நீக்குதல் வேண்டும். அவ்வேளையில் நோயாளர் அருகில் இருத்தலாகாது.

5. குளிர்ந்த காற்று நேரே முகத்தில் படாதவாறு துளைகளைத் திருப்பிக்கொள்ளல் வேண்டும். குளிர்காற்றும் சிலருக்குத் தூண்டியாகும்.

6. இன்ஹேலரை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். ஆனால் வெயிலில் நிறுத்திய காரினுள் அதனை விட்டுச் செல்லுதல் கூடாது. அழுத்தமூட்டிய அக்குப்பி 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற்கு உட்படலாகாது. கோடையில் மூடிய காரின் உள்வெப்பம் அதனை எளிதில் கடந்துவிடும்.

7. நீண்ட பயணத்திற்கு முன், மருத்துவர் குறித்த அன்றாடத் தடுப்பு மருந்தைத் தவறாது எடுத்துக்கொள்ளல் வேண்டும். குழாயின் அழற்சியைத் தணிப்பது மருந்தே. வடிகட்டி தூண்டியைக் குறைக்க மட்டுமே வல்லது.

பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் செல்வோருக்கு இவ்வசதி இல்லை. அவர்கள் முகத்தில் நன்கு பொருந்தும் என்-95 முகக்கவசத்தை அணியலாம். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்குமாறு அது வடிவமைக்கப்பட்டுள்ளது. அதுவும் மேற்கூறிய இழைகளின் நுட்பத்தாலேயே செயற்படுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஏ.சி. வேறு, வடிகட்டி வேறு என்பது தெளிவாகும். வடிகட்டியிலும் மகரந்தத்தைத் தடுப்பது ஒன்று, நுண்துகளைத் தடுப்பது ஒன்று, நாற்ற வாயுக்களைத் தாங்குவது ஒன்று. கார்பன் மோனாக்சைடைத் தடுப்பதோ எதுவுமில்லை. உரிய வடிகட்டியைத் தேர்ந்து, காலத்தில் மாற்றி, வெளிக்காற்றுக்கும் உட்சுழற்சிக்கும் உரிய நேரத்தை அறிந்து பயன்படுத்தினால் மட்டுமே அதன் முழுப் பயனைப் பெறலாம். இவற்றுள் ஒன்று குறையினும் மற்றவை பயன் இழக்கும்.

எழுபதைக் கடந்த தந்தையையோ இரவெல்லாம் இரைப்பால் உறங்காத குழந்தையையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் கார், அவர்களுடைய நோயை வழியிலேயே மிகுவிப்பதாக அமைந்துவிடலாகாது. சில நூறு ரூபாய் விலையுள்ள வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவதும், ஒரு பொத்தானை அறிந்து அழுத்துவதும் அரிய செயல்கள் அல்ல. தமக்குப் புலப்படாத தூசி தம்முடன் வருபவருக்குத் துன்பமாகலாம் என்று எண்ணிப் பார்த்து நடத்தலே வாகனம் உடையோர் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.